பதில்: 'ஆபிதனோ'வில் அழுத்தம் எங்கே?

இத்தாலிய மொழியில் 'அவர்கள் வசிக்கிறார்கள்' என்பதை 'அபிதானோ' என்று சொன்னதற்கு ஆசிரியர் திருத்தினார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் என்ற பொது விதியை நம்பித்தான் சறுக்கியிருக்கிறீர்கள். நானும் அதே இடத்தில்தான் விழுந்தேன்.

நிகழ்காலத்தில் 'நான்' வடிவத்தை முதலில் பாருங்கள். 'ஆ-பி-தோ'வில் அழுத்தம் முதல் அசையில். 'அவர்கள்' வடிவம் அதே இடத்தைப் பிடித்துக்கொண்டு வாலில் ஓர் அசையைக் கூட்டிக்கொள்ளும்: ஆ-பி-த-னோ. கடைசியிலிருந்து எண்ணினால் நான்காம் அசை! தொலைபேசுவதும் அப்படியே: தெ-லே-ஃபொ-னோ, தெ-லே-ஃபொ-ன-னோ, இரண்டிலும் அழுத்தம் 'லே'யில். 'நாம்', 'நீங்கள்' வடிவங்களில் மட்டும் அழுத்தம் விகுதிக்கு நகரும்: அ-பி-தியா-மோ, அ-பி-தா-தே. இதில் 'தியா' ஒரே அசை, 'தி-யா' என்று பிரிக்காதீர்கள்.

சரி, 'நான்' வடிவத்தில் அழுத்தம் எங்கே என்று எப்படித் தெரியும்? எழுத்தில் தெரியாது, அதுதான் தொல்லை. கடைசி அசையில் விழுந்தால்தான் குறி போடுவார்கள். மற்றதற்கு நல்ல அகராதிதான் கதி.

நமக்கு இன்னொரு சிக்கல்: குறில், நெடிலுக்குப் பழகிய காது நீளத்தைத்தான் தேடும். 'பார்-லோ'வில் ('பேசுகிறேன்') முதல் அசை மெய்யில் முடிவதால் உயிர் அவ்வளவு நீளாது, அழுத்தம் மட்டும் இருக்கும்.

ஒரே எழுத்துகளை வைத்துப் பழக இது: கா-பி-த-னோ என்றால் 'நேர்கின்றன', க-பி-தா-னோ என்றால் தலைவன், கடைசி 'னோ'வை அழுத்தினால் 'தலைமை தாங்கினான்'.