நன்றி: இணையம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரின் ரசிகர் குழுவை நான்கு வருடமாக நடத்திவருகிறேன். இதில் காசு எதுவும் பார்ப்பதில்லை. போன மாதம் ஒரு ஃபேன் ஆர்ட்டை, அதாவது தொடரின் பாத்திரத்தை ஒரு ரசிகர் வரைந்த படத்தை, பகிர்ந்தேன். யாரோ அனுப்பியது, வரைந்தவர் பெயர் தெரியாது. அதனால் ‘படத்தின் உரிமை உரியவருக்கே’ என்று போட்டுவிட்டுத்தான் பகிர்ந்தேன். குழுவில் இதுவரை எதற்கும் வராத அளவு லைக். மூன்று பேர் ‘யார் வரைஞ்சது?’ என்றுகூடக் கேட்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து வரைந்தவரே வந்தார். அனுமதி கேட்கவில்லை, கையெழுத்தும் வெட்டுப்பட்டிருக்கிறது, நீக்குங்கள் என்றார். பெயரைச் சேர்த்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், நீக்குங்கள் என்கிறார்.

எனக்கு வருத்தம்தான். அவருக்கு இலவச விளம்பரம்தானே கிடைத்தது? அதோடு அந்தக் கதாபாத்திரமே அவருடையது இல்லையே. அடுத்தவர் பாத்திரத்தை வரைந்தவர் உரிமை பேசலாமா? படம் இன்னும் குழுவில்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

கே.

அன்புள்ள கே.,

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தளத்தில் பல வருடம் கட்டுரைகளுக்கு மேலே அழகழகான ஓவியங்களைப் போட்டு, கீழே ‘நன்றி: இணையம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். சில நாள் ‘நன்றி: கூகுள்’. கூகுள் எந்தப் படத்தையும் வரையவில்லை என்று ஒரு வாசகர் ஒரே வரியில் கடிதம் போட்டார். கோபம் வந்தது. பிறகு உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். முக்கால்வாசிப் படங்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது, படத்துக்குச் சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. அத்தனை வருடமும் நான் அதைச் செய்யவில்லை என்பதுதான் உறைத்தது.

‘உரிமை உரியவருக்கே’ என்பதும் அதே ரகம். முகவரி எழுதாத உறையில் நன்றிக் கடிதத்தைப் போட்டு அனுப்புவது. அதில் ஒரு ஒப்புதல் வேறு இருக்கிறது: இது என்னுடையதில்லை என்று எனக்குத் தெரியும், யாருடையது என்று நான் தேடவில்லை.

குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் வந்தது. பாட்டு கையில் இருக்கிறது, பாடியவர் பெயர் இல்லை. ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்று வரும் 40-ஆம் பாட்டுக்கு, அந்த உவமையையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்று எழுதிவைத்தார்கள். அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவர் எல்லாரும் அப்படி வந்தவர்கள்தான். பெயர் தொலைந்தாலும், இதைப் பாட ஒரு ஆள் இருந்தார் என்பதை அவர்கள் தொலைக்கவில்லை. அவர்களிடம் தேடுபொறி கிடையாது. நமக்கு 2008-இலேயே டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளம் வந்துவிட்டது, 2011-இல் கூகுளிலும் படத்தைக் கொடுத்துத் தேடும் வசதி வந்தது. கிடைக்கும் முடிவுகளில் அளவில் பெரியதையும் தேதியில் பழையதையும் பாருங்கள். கை மாற மாறப் படம் சுருங்கும், ஓரம் வெட்டுப்படும். சதுரச் சட்டத்துக்குள் அடக்கும்போது முதலில் போவது மூலையில் இருக்கும் கையெழுத்துதான். கோப்புக்குள் வரைந்தவர் பெயர் பொதிந்திருந்தாலும் பல தளங்கள் ஏற்றும்போதே அதைக் கழற்றிவிடுகின்றன. ஆகவே வெட்டியது நீங்கள் இல்லை என்பதை நம்புகிறேன். வெட்டுப்பட்டதை அப்படியே மேலும் பல பேரிடம் கொண்டுபோனது நீங்கள்தான்.

இலவச விளம்பரம் என்கிறீர்கள். கடைப் பெயர் இல்லாத விளம்பரப் பலகையைப் பார்த்துவிட்டு யார் கடைக்குப் போவார்? அந்த லைக் எல்லாம் உங்கள் குழுவுக்கு விழுந்தது. ஃபேன் ஆர்ட் வரைபவர்களில் பலருக்குக் கமிஷன் வேலை, அதாவது கேட்பவருக்குக் காசு வாங்கி வரைந்து தரும் வேலை, அவர்கள் பக்கத்துக்கு வரும் ஆட்கள் வழியாகத்தான் வருகிறது. பெயரும் இணைப்பும் அந்த வழி. அதை அடைத்துவிட்டு வாசலில் கூட்டம் சேர்த்துக் கொடுத்தேன் என்று சொன்னால் எப்படி?

இனி உங்கள் உண்மையான கேள்வி. அடுத்தவர் பாத்திரத்தை வரைந்தவர் உரிமை பேசலாமா என்பது. இதைப் பலரும் மடக்கிவிட்ட பாவனையில் கேட்பார்கள். 500 வருடத்துக்கு முந்தைய ஒரு தகராறைச் சொல்கிறேன். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், மரியாளின் வாழ்க்கையை மரச்செதுக்கு அச்சுப் படங்களாகச் செய்தார். இத்தாலியரான மார்க்கன்டோனியோ ரைமோன்டி அவற்றைச் செப்புத் தகட்டில் அப்படியே நகலெடுத்தார். டியூரரின் ஏ.டி. முத்திரை உட்பட. ரைமோன்டி மீது டியூரர் வெனிஸ் ஆட்சியாளர்களிடம் முறையிட்டதாகவும், டியூரரின் பெயரையோ முத்திரையையோ இனிப் போடக்கூடாது என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதியிருக்கிறார். 1511-இல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தபோது, பிறர் உழைப்பைத் திருடுபவர்களுக்கு டியூரர் அதிலேயே எச்சரிக்கை அச்சிட்டார்.

மரியாளின் கதை டியூரர் உண்டாக்கியதா? இல்லை. அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் மரியாளை வரைந்தார்கள், அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அவர் கோடுகளை எடுத்தபோதுதான் போனார். உங்கள் ஓவியரும் கேட்பது தன் கோடுகளை. நிற்கும் வாகு, வெளிச்சம் விழும் பக்கம், கண்ணுக்குக் கொடுத்த அந்தச் சோர்வு, இவையெல்லாம் தொடரிலிருந்து வந்தவை அல்ல. படைப்பாளிகளின் உரிமைக்காக நாடுகள் செய்துகொண்ட 1886-இன் பெர்ன் உடன்படிக்கையும் மொழிபெயர்ப்பு, தழுவல் போன்றவற்றைத் தனிப் படைப்புகளாகவே காக்கிறது, மூலத்தின் உரிமைக்குக் குறைவு வராமல். 1928-இல் அதில் சேர்த்த பிரிவு, பொருளாதார உரிமையை விற்றுவிட்ட பிறகும் ‘இது நான் செய்தது’ என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது. பாத்திரத்தை உருவாக்கியவருக்கு ஆட்சேபம் இருந்தால் அது அவருக்கும் ஓவியருக்கும் இடையிலான விவகாரம். நடுவில் நமக்கென்ன வேலை?

பெயர் சேர்க்கிறேன் என்றும் ஏன் நீக்கச் சொல்கிறார் என்று கேட்கலாம். பெயர் போடுவது வேறு, அனுமதி வேறு. ஜப்பானிய ஓவியர்கள் பலர் தங்கள் பக்கத்தின் நெற்றியிலேயே ‘முடான் டென்சாய் கின்ஷி’ என்று எழுதியிருப்பார்கள், கேட்காமல் மறுபதிவு கூடாது என்று அர்த்தம். அனிமே குழு நடத்தும் உங்களுக்கு இது கண்ணில் பட்டிருக்கும். காரணம் பலவாக இருக்கலாம்: படத்தைத் திருத்த நினைத்திருக்கலாம், டி-ஷர்ட்டில் அச்சடித்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கலாம், ரசிகர் சண்டைகளில் சிக்க விருப்பமில்லாமல் இருக்கலாம். காரணத்தை அவர் உங்களிடம் விளக்க வேண்டியதில்லை. (இதற்கிடையில், குழு ஆட்கள் யாராவது அந்தப் படத்தை ஏஐ செயலியில் போட்டு ‘மெருகேற்றி’த் தரலாம் என்று யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.)

நாலு வருடம் சம்பளமில்லாமல் ஒரு குழுவைக் கட்டிக் காத்த உங்களுக்கு, உழைத்ததை ஒருவர் கவனிக்காமல் போனால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டாம். இன்றே நீக்குங்கள். ‘ஆனால்’ சேர்க்காமல் ஒரு வரி மன்னிப்பு எழுதுங்கள். பதில் வராமல் போகலாம், வந்தால் சந்தோஷம். குழுவில் படமில்லாமல், என்ன நடந்தது என்று இரண்டு வரியும் அவர் பக்கத்தின் இணைப்பும் மட்டும் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

அந்த மூன்று பேர் ‘யார் வரைஞ்சது?’ என்று கேட்டார்களே, பதிவை நீக்கினால் அந்தக் கேள்விகளும் போய்விடும். அதற்கு முன் அவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் அனுப்பிவிடுங்கள்.