டிபன் பாக்ஸ் ஏன் மிச்சத்தோடு திரும்பி வருகிறது?

அன்புள்ள அக்காவுக்கு,

கோவையிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம், என் மாமியாரும் உங்கள் தளத்தைப் படிக்கிறார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. சின்னவள் யூகேஜி. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்துக் கட்டிக் கொடுக்கிறேன். பெரியவனின் டிபன் பாக்ஸ் சாயங்காலம் வரும்போது, காலையில் போனதைவிடக் கனமாக வருகிறதோ என்று தோன்றும். திறந்தால் வைத்தது வைத்தபடி இருக்கும், கூடவே ஒரு பென்சில் துண்டும். "ஏன்டா சாப்பிடலை?" என்றால், "கை கழுவப் போனேன், கூட்டமா இருந்துச்சு" என்பான். ஒரு நாள், "சாப்பாடு தூங்கிட்டு இருந்துச்சும்மா, எழுப்ப மனசு வரலை" என்றான். சின்னவள் அந்த மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டு, "அண்ணன் ஸ்கூல் சாப்பாடுதான் நல்லா இருக்கு" என்கிறாள். இரண்டும் ஒரே குக்கரில் வெந்த சோறு!

கணவரின் பங்கு தண்ணீர் பாட்டில் நிரப்புவது. அதையும் நான் ஞாபகப்படுத்த வேண்டும். "பையன் இளைச்சுட்டான்" என்று மாமியார் வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லிவிடுவார். எடை 21 கிலோ இருக்கிறான். ராத்திரி மொபைலில் கார்ட்டூன் போட்டுவிட்டு நானே ஊட்டிவிடுகிறேன். 'டிபன் பாக்ஸ் பரீட்சையில் அம்மா இன்னைக்கும் ஃபெயில்' என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பேன்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். என் கேள்வி இதுதான்: வீட்டுக்குள் நடக்கிற இந்தச் சின்னச் சின்ன விஷயங்களை எழுதினால் அது எழுத்து ஆகுமா? யாராவது படிப்பார்களா?

*

அன்புள்ள தங்கைக்கு,

எழுதுங்கள். இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். "சாப்பாடு தூங்கிட்டு இருந்துச்சு" என்ற வரியை எந்த எழுத்தாளரும் மேசை முன்னால் உட்கார்ந்து யோசித்துப் பிடித்துவிட முடியாது. தேதி போட்டு எழுதி வையுங்கள். பெரியவனானதும் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று அவனே சாதிப்பான்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு வரிக்காக. "கை கழுவப் போனேன், கூட்டமா இருந்துச்சு." இதை நீங்கள் பையனின் சாக்குகளில் ஒன்றாகச் சேர்த்து, சிரித்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். அம்மா, அது சாக்கு இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பிள்ளை நேராகப் பதில் சொல்லியிருக்கிறான்.

குழந்தைகளுக்குக் கதை சொல்லப் பள்ளிகளுக்குப் போகிற பழக்கம் எனக்கு உண்டு. சமீபத்தில் ஒரு தனியார் பள்ளியில் கதை முடிவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதிலிருந்து மனதில் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே மதிய இடைவேளை இருபத்தைந்து நிமிடம். மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்கு குழாய். வரிசையில் நின்று கை கழுவி, ஈரக்கையோடு வகுப்புக்குத் திரும்பி, பையைத் துழாவி டப்பாவை எடுப்பதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது. அப்புறம்தான் பெரிய கஷ்டம். மூடி திறக்கவில்லை. நான்கு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குகிற, குழம்பு சிந்தாத, நல்ல விலை கொடுத்து வாங்கிய டப்பா. ஒரு சின்னப் பெண் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நகம் வலிக்க நெம்பினாள். முடியவில்லை. டீச்சரிடம் போனாள். அவர் முன்னால் ஏற்கெனவே நாலைந்து டப்பாக்கள் நின்றன. அந்தப் பெண் முதல் வாய் வைத்தபோது, முன்வரிசையில் ஒரு பையன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தான். மணி அடித்தது. அவள் டப்பாவும் அன்றைக்கு மிச்சத்தோடுதான் வீட்டுக்குப் போயிருக்கும். அவள் அம்மாவும் 'ஏன்டி சாப்பிடலை' என்று கேட்டிருப்பார்.

நாம் டப்பா வாங்கும்போது சிந்துமா, ஒழுகுமா, சூடு நிற்குமா என்று பார்க்கிறோம். பிள்ளையின் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. இன்றைக்கே உங்கள் பையனைத் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் கிட்டே போகாதீர்கள்.

சோறு தவிர வேறென்ன வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சப்பாத்தியாக இருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள். காலை ஆறு மணிக்குப் போட்ட சப்பாத்தி பன்னிரண்டரைக்கு வறண்டு போய், மெல்ல மெல்லத் தீராது. பதினைந்து நிமிடத்தில் ஒன்றுக்கு மேல் இறங்காது. பூரியும் தோசையும் அப்படித்தான், ஆறினால் இழுவை. நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியை இரண்டு பக்கமும் தடவிய இட்லி, நம் அம்மாக்கள் ரயில் பயணத்துக்குக் கட்டியது, மத்தியானமும் மெத்தென்றே இருக்கும். தயிர்சாதம் என்றால் பாலை நிறைய ஊற்றிப் பிசைந்து, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடுங்கள். சாப்பாட்டு நேரத்துக்குப் புளிக்காமல் சரியாக உறைந்திருக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாயில் போட்டதும் இறங்குகிற சாப்பாடு வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது திட்ட வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

'அம்மா இன்னைக்கும் ஃபெயில்' என்று வீட்டில் சொல்லிச் சிரிக்கிறீர்களாமே. இனிமேல் அந்த வார்த்தை வேண்டாம். நீங்கள் விளையாட்டாகத்தான் சொல்கிறீர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டாகப் போய்ச் சேராது. தான் விட்டு வைத்த நாலு வாய்ச் சோறு அம்மாவைத் தோற்கடிக்கிறது என்று அவன் நம்பிவிட்டால், அதற்கப்புறம் பசிக்காகச் சாப்பிட மாட்டான். உங்களைக் காப்பாற்றச் சாப்பிடுவான், இல்லையென்றால் உங்களிடம் ஜெயிப்பதற்காகச் சாப்பிடாமல் இருப்பான். நாளைக்குச் சோற்றைப் பள்ளிக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் காலி டப்பா கொண்டுவருவான், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். மிச்சத்தைத் தைரியமாக வீட்டுக்குக் கொண்டுவருகிறானே, அந்த நேர்மையைக் கெடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது, ஏழு வயதுப் பையனுக்கு ஏன் ஊட்டுகிறீர்கள்? கை இருக்கிறது, பசி இருக்கிறது. அதிலும் மொபைலைக் காட்டி. கண் கார்ட்டூனில் இருக்கும்போது என்ன சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா என்று பிள்ளைக்குத் தெரியாது. வாய் தானாகத் திறக்கும், தானாக மூடும். ராத்திரி அப்படி ஊட்டி நிரப்பிவிட்டு, மறுநாள் மதியம் யாரும் ஊட்டாத இடத்தில், பதினைந்து நிமிடத்தில், அவனே எடுத்துச் சாப்பிட வேண்டும் என்றால் எப்படி? அந்தப் பழக்கமே அவனுக்கு இல்லையே. முடியாத நாளில், காய்ச்சல் நாளில், மடியில் போட்டு ஊட்டுங்கள். அது சுகம், உங்களுக்கும் அவனுக்கும். தினசரி வேண்டாம்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் வேலையை இரண்டாகப் பிரித்தார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பொறுப்பு. நம் வீடுகளில் தலைகீழ். என்ன வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டுச் சமைக்கிறோம், எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்து திணிக்கிறோம்.

இளைத்துவிட்டான் என்ற பேச்சை விடுங்கள். ஏழு வயதுக்கு 21 கிலோ நல்ல எடை. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஒன்பது கிலோ ஆகிவிடும். அதற்கப்புறம் வருடத்துக்கு இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறையத்தான் செய்யும். மாமியாரும் படிக்கிறார் என்பதால் அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அத்தை, பேரன் நன்றாக இருக்கிறான்.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். பெண்கள் தலையைக்கூட முடியாமல் ஓடி ஏறுவார்கள், பஸ்ஸுக்குள் உட்கார்ந்துதான் பின்னிக்கொள்வார்கள். எங்களுக்குச் சமைத்துக் கட்டிக் கொடுக்க அம்மாவுக்கு ஏது நேரம்? காலையில் பழைய சோறு, நாங்களே எடுத்துப் போட்டுக்கொள்வது. மதியம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு. எம்ஜிஆர் 1982 ஜூலை 1 அன்று திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. என் தம்பி ஒன்றாம் வகுப்பு. வீட்டில் அவனைச் சாப்பிட வைப்பது பெரும்பாடு. அப்பத்தா தட்டை வைத்துக்கொண்டு தெருவெல்லாம் பின்னாலேயே போவார்.

அவன் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டான். வேப்பமரத்தடியில் எதிரெதிராக இரண்டு வரிசை. மடியில் அலுமினியத் தட்டு. ஆயா வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார். சோறு, முருங்கைக்கீரை போட்ட சாம்பார், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவன் சாப்பிடுகிறான், எதிரில் இருப்பவள் சாப்பிடுகிறாள், ஆயா திரும்பி வந்து "இன்னும் வேணுமாடா?" என்று கேட்கிறார். வேண்டாம் என்றால் போய்விடுவார், கெஞ்ச மாட்டார். தம்பி இரண்டாவது தடவையும் வாங்குவான். வீட்டில் சோற்றைக் கண்டாலே ஓடுகிற பையன்! யாரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, அதனால் சாப்பிட்டான். பந்தியில் உட்கார்ந்தால் பசி தானாக வரும். கல்யாண வீட்டில் உங்கள் பையன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று யோசித்துப் பாருங்கள்.

சாயங்காலம் அம்மா வந்து, விரல் நுனியெல்லாம் காய்த்த கையால் எங்கள் தலையைத் தடவிக்கொண்டு "இன்னைக்கு என்ன போட்டாங்க?" என்று கேட்பார். எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்டதே இல்லை. நாங்கள் சாப்பாட்டுக் கதையையும் சண்டைக் கதையையும் சேர்த்துச் சொல்லுவோம். அம்மா பெட்டி ஒட்டிக்கொண்டே கேட்பார். வீட்டிலும் ஒட்ட வேண்டியிருந்தது.

இப்போது அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சாப்பாடும் வந்துவிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரித்தார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. கதை சொல்லப் போன ஓர் ஊரில் பொங்கல் நாளன்று பார்த்தேன். தட்டிலிருந்து ஆவி பறக்கிறது, பிள்ளைகள் ஊதி ஊதிச் சாப்பிடுகிறார்கள், அவசரப்படுத்த யாரும் இல்லை. ஜப்பானில் மதியச் சாப்பாட்டை வகுப்பறைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். பள்ளி உணவுக்கென்று 1954-லேயே சட்டம் போட்ட நாடு அது. வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு பிள்ளைகளே முறை வைத்துப் பரிமாறுகிறார்கள், ஆசிரியரும் அதே சாப்பாட்டை அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். அங்கே சாப்பாட்டு நேரமும் பாட நேரம் மாதிரி மதிக்கப்படுகிறது.

நீங்களும் நானும் ஃபீஸ் கட்டி அனுப்புகிற பள்ளிகளில் மட்டும், சாப்பாட்டு நேரம் இரண்டு பீரியடுக்கு நடுவே கிடக்கிற மிச்ச நேரமாகிவிட்டது. ஆறிப்போன சோறு, திறக்காத மூடி, 'சீக்கிரம், சீக்கிரம்' என்ற குரல். கம்ப்யூட்டர் லேப் இருக்கிறதா, ஏசி இருக்கிறதா, நீச்சல் குளம் இருக்கிறதா என்று அட்மிஷன் அன்று கேட்டோமே, பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், எவ்வளவு நேரம் என்று யார் கேட்டோம்? அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டு, ஐந்து மணிக்கு எழுந்து சமைத்த அம்மா மேல் பழியைப் போடுகிறோம். பழியை நீங்களே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு சிரிக்கவும் செய்கிறீர்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் பாட்டிலோடு அவர் பங்கு முடிந்துவிடாது. மார்க்கைப் பற்றிப் பேசி முடித்ததும், மதியம் மணி எத்தனைக்கு அடிக்கிறது, மறுமணி எத்தனைக்கு, எத்தனை குழாய், பிள்ளைகள் கும்பலாகச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாமா, இல்லை அவரவர் பெஞ்சிலேயேவா என்று அவரே கேட்கட்டும். பத்து நிமிடம் கூட்டித் தர முடியுமா என்றும் கேட்கட்டும். பக்கத்தில் இருக்கிற நாலு அம்மாக்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர்கள் வீட்டு டப்பாவும் மிச்சத்தோடுதான் வந்துகொண்டிருக்கும், வெளியே சொல்லாமல் இருப்பார்கள். பள்ளி என்ன பதில் சொன்னது என்று எனக்கு எழுதுங்கள். சின்னவளின் பேச்சையும் நிறைய எழுதுங்கள், இந்தக் கடிதத்தில் அவளுக்கு ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள்.

அன்புடன்,
அக்கா