ஐதான தாயங்களும் கணினி நினைவகமும்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (அறிவியல் நகர், பொறியியல் மாணவி): இரணைமடுக் குளத்துக்குக் கீழுள்ள பகுதியின் நிலத்தடி நீர் ஓட்டத்தை ஆயிரத்துக்கு ஆயிரம் கட்டங்கள் கொண்ட வலையில் கணிக்க முயல்கிறேன். 8 ஜிகாபைட் நினைவகமுள்ள மடிகணினியில் அதற்கான தாயம் (எண்களாலான செவ்வக அட்டவணை) அடங்குமா, ஐயா?

பதில்: பூச்சியங்களையும் சேர்த்து முழுத் தாயமாக ஒதுக்கினால் அடங்காது. கட்டங்கள் 10 இலட்சம் என்பதால் நிரைகளும் (கிடை வரிசைகள்) 10 இலட்சம், நிரல்களும் (செங்குத்து வரிசைகள்) 10 இலட்சம். ஒரு மூலகத்துக்கு 8 பைட் வீதம் 8 டெராபைட் வேண்டும். ஆனால் ஒவ்வொரு கட்டமும் தன்னோடும் நான்கு அயற்கட்டங்களோடும் மட்டுமே தொடர்புபடுவதால், ஒரு நிரையில் பூச்சியமல்லாத மூலகங்கள் ஐந்துக்கு மேல் வருவதில்லை. இப்படிப் பெரும்பாலும் பூச்சியங்களாலான தாயமே ஐதான தாயம். பூச்சியமல்லாதவற்றை மட்டும் நிரை நிரையாகச் சேமிக்கும் நிரைவழிச் சுருக்க வடிவில் பெறுமானத்துக்கு 8 பைட், நிரல் எண்ணுக்கு 4 பைட் எனக் கொண்டால் 50 இலட்சம் மூலகங்களுக்கு 60 மெகாபைட்டும், நிரைகளின் தொடக்கத்தைக் குறிக்கும் சுட்டிகளுக்கு 4 மெகாபைட்டும் போதும்.

கேள்வி (வவுனியா): மட்லாப் என்ற கணிப்பு மென்பொருளில் ஐதான தாயத்துக்கு மூலகங்களை ஒவ்வொன்றாக இடும்போது வேலை நகரவே மறுக்கிறது. ஏன்?

பதில்: சுருக்க வடிவின் நடுவே புதிய மூலகம் ஒன்றைச் செருகும்போது, அதற்குப் பின்னுள்ளவை அனைத்தும் இடம்பெயர வேண்டும். நிரை எண், நிரல் எண், பெறுமானம் ஆகியவற்றை மூன்று பட்டியல்களாகச் சேர்த்துவிட்டு, ஒரே அழைப்பில் தாயத்தை உருவாக்குங்கள். ஒரே இடத்துக்கு இருமுறை வரும் பெறுமானங்கள் தாமாகவே கூட்டப்படும். 50 இலட்சம் மூலகங்களுக்கு அம்மூன்று பட்டியல்களும் 120 மெகாபைட் பிடிக்கும், அதே வேளையில் தாயமும் உருவாகிக்கொண்டிருக்கும் என்பதால் உச்சப் பயன்பாடு இரண்டின் கூட்டுத்தொகையாகும்.

கேள்வி (முல்லைத்தீவு): அதே மட்லாப்பில் ஒரு நிரையும் 100 கோடி நிரல்களும் கொண்ட வெறும் ஐதான தாயம் 8 ஜிகாபைட் கேட்கிறது. மூலகம் ஒன்றுகூட இல்லையே!

பதில்: அங்கே சேமிப்பு நிரல்வழி நடப்பதால், வெறும் நிரலுக்கும் 8 பைட் சுட்டி உண்டு. நிரை நிரல்களை மாற்றி வையுங்கள். சில பைட்டுகளில் முடிந்துவிடும்.

கேள்வி (மாங்குளம்): பைதன் மொழியில் கேட்ட 30,000 × 30,000 பூச்சியத் தாயம் ஒன்றை லினக்ஸ் இயங்குதளம் மறுப்பின்றித் தந்தது. பின்னர், அதை நிரப்பும்போது என் செய்நிரல் திடீரென நிறுத்தப்பட்டது.

பதில்: கேட்டது 7.2 ஜிகாபைட். லினக்ஸ் முதலில் முகவரிகளை மட்டுமே வழங்குகிறது; எழுதத் தொடங்கும்போதுதான் உண்மையான நினைவகப் பக்கங்கள் கொடுக்கப்படுகின்றன; அவை போதாதபோது செய்நிரல் நிறுத்தப்படுகிறது. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) காணிக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்துவிட்டதென்பதால் காடு வெட்டியாயிற்று என்றாகாது. ஆகவே ஒதுக்கீடு வெற்றி பெற்றதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி (அறிவியல் நகர், அதே மாணவி): தாயம் 64 மெகாபைட்தான், ஆனால் சமன்பாட்டைத் தீர்க்கும்போது நினைவகம் போதவில்லை என்கிறது.

பதில்: பலரும் கணக்கெடுக்கத் தவறுவது இதைத்தான். நீக்கல் முறையில் தாயத்தை இரு முக்கோணத் தாயங்களாக, அதாவது காரணிகளாக, பிரிக்கும்போது முன்பு பூச்சியமாக இருந்த இடங்களிலும் பெறுமானங்கள் முளைக்கின்றன. உங்கள் கட்டங்களை வரிசையாக எண்ணியிருந்தால் மூலைவிட்டத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் பூச்சியமல்லாதவை பரவும் பட்டையின் அகலம் ஏறத்தாழ 1,000 ஆகும். அந்தப் பட்டை முழுவதும் நிரம்பும்போது ஒரு காரணிக்கே 8 ஜிகாபைட் தேவைப்படும். வலையை மீண்டும் மீண்டும் இரண்டாகப் பிரித்து எண்ணும் முறையை அலன் ஜோர்ஜ் 1973 இல் வெளியிட்டார். அவ்வாறு வரிசையை மாற்றினால் நிரம்பல் பெருமளவு குறையும். முப்பரிமாண வலையில் அதுவும் முழுத் தீர்வல்ல: கட்டங்கள் எட்டு மடங்கானால் காரணிகள் ஏறத்தாழ பதினாறு மடங்காகும். உங்கள் தாயம் சமச்சீரானதாகவும் நேர்த் திட்டமுடையதாகவும் (பூச்சியமல்லாத எந்தக் காவியால், அதாவது எண் நிரலால், இருபுறமும் பெருக்கினாலும் நேர் எண்ணே வரும்) இருப்பின், ஹெஸ்டனீஸும் ஸ்டீஃபலும் 1952 இல் தந்த படிப்படியாகத் தீர்வை நெருங்கும் இணைச் சரிவு முறையையே நான் தேர்வேன்; அதற்குத் தாயத்தோடு, ஒவ்வொன்றும் 8 மெகாபைட்டான சில காவிகள் மட்டுமே வேண்டும்.

கேள்வி (வவுனியா): சமன்பாட்டைத் தீர்க்கத் தாயத்தின் நேர்மாறைக் கண்டு பெருக்கினால் என்ன?

பதில்: வேண்டாம். இணைந்த வலையின் நேர்மாறில் பூச்சியங்கள் எஞ்சுவதில்லை; மீண்டும் 8 டெராபைட்.