ஐந்தாவது தடவையும் கீறச் சொல்கிறாரா டாக்டர்?

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீர் நூல் போலத்தான் வருகிறது. எந்த ஆபரேஷன் நல்லது?

பதில்: வயது எழுதவில்லை, யூரோஃப்ளோ (சிறுநீர் வரும் வேகத்தை அளக்கும் சோதனை) இல்லை, ஆர்.ஜி.யூ. (சிறுநீர்க்குழாய்க்குள் மருந்து விட்டு எடுக்கும் எக்ஸ்ரே) படமும் இல்லை. நூல் போல வருவதற்கு ப்ராஸ்டேட்டும் காரணமாக இருக்கலாம். ஸ்ட்ரிக்சர்தான் (சிறுநீர்க்குழாயில் தழும்பு விழுந்து சுருங்குவது) என்றாலும் எங்கே, எத்தனை செ.மீ., எதனால் வந்தது என்பது தெரியாமல் ஆபரேஷன் பெயர் சொல்ல நான் ஜோசியன் இல்லை. படத்தோடு எழுதுங்கள்.

கேள்வி: பல்பார் பகுதியில் (விதைப்பைக்குப் பின்னால் இருக்கும் சிறுநீர்க்குழாய்ப் பகுதி) 1 செ.மீ. ஸ்ட்ரிக்சர். இப்போதுதான் கண்டுபிடித்தார்கள். ஓ.ஐ.யூ. (குழாய்க்குள் கருவி விட்டு அடைப்பைக் கீறிவிடுவது) போதுமா?

பதில்: செய்து பார்க்கலாம். ஒரு தடவை. மறுபடி அடைத்தால் கீழே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வயது 38. ஆறு வருஷத்தில் நான்கு ஓ.ஐ.யூ. ஆகிவிட்டது. ஐந்தாவது செய்யலாம் என்கிறார் டாக்டர்.

பதில்: வேண்டாம். இந்தக் கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது, ஊர்தான் வேறு. ஓ.ஐ.யூ. தழும்பை எடுப்பதில்லை, கீறி விரிக்கிறது, அவ்வளவுதான். கீறிய இடம் ஆறும்போது அங்கே புதுத் தழும்பு விழும். நான்கு தடவை கீறினால் நான்கு அடுக்குத் தழும்பு. 1 செ.மீ. இருந்தது 3, 4 செ.மீ. ஆகிவிடும். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கெட்ட பகுதியை வெட்டி எடுத்து இரு முனையையும் சேர்த்துத் தைத்திருக்கலாம். பத்தில் ஒன்பது பேருக்கு அது நிற்கும். 2 செ.மீ. தாண்டினால் பெரும்பாலும் கன்னத்து உள்தோலை எடுத்து ஒட்ட வேண்டும். அதுவும் நன்றாக நிற்கும், ஆனால் பெரிய வேலை.

ஏன் மறுபடி மறுபடி கீறுகிறார்கள்? அரை மணி நேர வேலை, மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வெட்டித் தைப்பது, தோல் ஒட்டுவது என்ற யூரித்ரோபிளாஸ்டி மூன்று மணி நேரம் பிடிக்கும், கையும் பழகியிருக்க வேண்டும். தெரியாதது குற்றமில்லை, தெரிந்தவரிடம் அனுப்பாததுதான் குற்றம். ஆக்ராவின் அசோபா, புனேயின் குல்கர்னி ஆகிய டாக்டர்கள் பெயரால் வழங்கும் யூரித்ரோபிளாஸ்டி முறைகளை வெளிநாட்டுக்காரர்கள் செய்கிறார்கள். நம் ஆள் இங்கே ஐந்தாவது கீறலுக்கு அட்மிஷன் போடுகிறார்!

அடுத்த ஆர்.ஜி.யூ. படத்துக்கு முன் இரண்டு மூன்று மாதம் சிறுநீர்க்குழாய்க்குள் எதையும் விடாதீர்கள். போன வாரம் டைலேஷன் (உள்ளே கம்பி விட்டு விரிப்பது) செய்துவிட்டு இந்த வாரம் எடுக்கும் ஆர்.ஜி.யூ. பொய் சொல்லும். நடுவில் அடைத்துக்கொண்டால் அடிவயிற்றில் ட்யூப் போட்டுக்கொள்ளலாம். பெரிய ஆபரேஷன் தாங்காத உடம்புக்கு மட்டும், கீறிவிட்டு வீட்டிலேயே கதீட்டர் விட்டுக்கொள்வது ஒரு வழி. 38 வயதில் அது உங்களுக்கு எதற்கு?

கேள்வி: கன்னத்திலிருந்து தோல் எடுத்தால் சாப்பிட முடியுமா?

பதில்: முடியும். முதலில் கஞ்சி, அப்புறம் குழைந்த சாதம், காரம் இரண்டு வாரம் கழித்து. பான்பராக், புகையிலை போடுவீர்களா என்று எழுதவில்லையே? வாய் இறுகிப்போனவருக்குக் கன்னத்தில் எடுக்க வராது, நாக்கின் அடியில் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பைக் விபத்தில் தம்பிக்கு இடுப்பெலும்பு உடைந்து, சிறுநீர்க்குழாய் அறுந்துவிட்டது. வயிற்றில் ட்யூப். ஒரு மாதம் ஆகிறது. உடனே சரிசெய்ய முடியாதா?

பதில்: மூன்று மாதம் பொறுங்கள். ரத்தக்கட்டு கரைந்து எலும்பு சேர வேண்டும். முதல் ஆபரேஷன்தான் நல்ல வாய்ப்பு, அதை அவசரத்தில் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மருந்து பூசிய பலூன் வந்திருக்கிறதாமே?

பதில்: ஆப்டிலூம். பாக்லிடாக்சல் என்ற மருந்து பூசியது, அமெரிக்காவில் 2021 கடைசியில் அனுமதி கிடைத்தது. திரும்பி வந்த, 3 செ.மீ.க்கு உட்பட்ட அடைப்புக்கு. வெறும் கீறலைவிட மேல். நீண்ட ஸ்ட்ரிக்சருக்குக் கேட்காதீர்கள்.

கேள்வி: ஆண்குறி நுனியில் வெள்ளைப் படை, பயாப்ஸியில் பி.எக்ஸ்.ஓ. (தோல் வெளுத்துச் சுருங்கும் நோய்). முன்தோலையே எடுத்து ஒட்டலாமா?

பதில்: கூடாது. நோய் இருப்பதே அந்தத் தோலில்தான்.

கேள்வி: அப்பாவுக்கு 76. முழு நீளத்துக்கும் அடைப்பு, இதய நோயும் உண்டு.

பதில்: விதைப்பைக்குக் கீழே வழி திறந்துவிடச் சொல்லுங்கள். சின்ன ஆபரேஷன். உட்கார்ந்துதான் போக வேண்டும் என்பதை முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.