எழுப்புவதற்கு முன் ஒரு கணக்கு

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குப் பதினாறு வயது. பள்ளி விட்டு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில். இரவு பன்னிரண்டரை வரை செல்போன். காலை ஐந்தரைக்கு எழுப்பினால் எரிந்து விழுகிறான். விடுமுறை நாளில் மதியம் வரை தூக்கம். என் அக்கா மகளுக்கும் இதே வயதுதான், அவள் சொன்ன பேச்சைக் கேட்கிறாள். இவன் மட்டும் ஏன் இப்படிச் சோம்பேறியாகிவிட்டான்? அவன் போனின் கடவுச்சொல் எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாமல் ஒருமுறை பார்த்துவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அக்கா மகளை விட்டுவிடுங்கள். அந்த ஒப்பீட்டை அவன் காதுபடவும் சொல்லியிருப்பீர்கள் என்று உங்கள் கடிதமே காட்டிக்கொடுக்கிறது. இனி வேண்டாம். கதவு சாத்துவதும் அந்த வயதுக்குரியதுதான். தட்டுங்கள், குரல் வந்தபின் உள்ளே போங்கள்.

என்னை நிறுத்தியவை நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு எண்கள். பன்னிரண்டரை, ஐந்தரை. இடையில் ஐந்து மணி நேரம். 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை. குறைந்தபட்சத்தை வைத்தே கணக்குப் போடுங்கள்: நாளுக்கு 3 மணி நேரம் பாக்கி, ஐந்து நாளில் 15. விடுமுறையன்று மதியம் வரை தூங்குகிறவன் கடனில் கொஞ்சம் அடைக்கிறான், அவ்வளவுதான். அதற்குச் சோம்பேறி என்று பட்டம் கட்டியிருக்கிறீர்கள்!

பருவமடையும்போது உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவு வந்துவிட்டது என்று உடம்புக்கு அறிவிக்கும் மெலடோனின் சிறுவயதில் சுரந்ததைவிடத் தாமதமாகச் சுரக்கிறது. போதாததற்கு, விழித்திருக்க விழித்திருக்க ஏறும் தூக்க அழுத்தமும் இந்த வயதில் மெதுவாகத்தான் ஏறுகிறது. மேரி கார்ஸ்கடன் போன்ற ஆய்வாளர்கள் 1990களிலிருந்தே இதைச் சொல்லி வருகிறார்கள். கலிஃபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30க்கு முன் தொடங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. கனவுத் தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் வரும். ஐந்தரைக்கு எழுப்பும்போது நீங்கள் வெட்டுவது அதைத்தான். பிறகு ‘எரிந்து விழுகிறான்’ என்று எனக்குக் கடிதம்.

‘அப்படியானால் இன்றைக்கே ஒன்பதரைக்குப் படுக்க வைக்கிறேன்’ என்று கிளம்பாதீர்கள். பெரும்பாலான பெற்றோர் சறுக்குவது இங்கேதான். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் உடம்பு மிகவும் விழிப்பாக இருக்கும் நேரம். அப்போது விளக்கை அணைத்தால் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். நாலைந்து நாளில் படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மனம் பழகிவிடும்.

காலையிலிருந்து தொடங்குங்கள். ஐந்தரை மணி எதற்காக? படிக்கத்தான் என்றால் அதை விட்டுவிட்டு, பள்ளிக்குக் கிளம்பப் போதுமான கடைசி நேரத்தைக் கணக்கிட்டு அதையே எழும் நேரமாக்குங்கள். எழுந்ததும் திரைச்சீலையை விலக்குங்கள். முடிந்தால் அரைமணி நேரம் வெளிவெளிச்சத்தில் இருக்கட்டும், கடிகாரத்தை முன்னுக்கு இழுப்பதில் அதற்கு நிகர் எதுவுமில்லை. படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் வீதம் முன்னே நகர்த்துங்கள். பன்னிரண்டரை பத்தரையாக மூன்று வாரம் வரை ஆகும். விடுமுறையில் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு, கூடுதலாகத் தூங்கலாம். மதியம் வரை விட்டால் அன்றிரவு தூக்கம் வராது, வாரம் முழுக்க நகர்த்தியது வீண். மாலையில் களைத்து வந்தால் 20 நிமிடக் குட்டித் தூக்கம் போதும். காப்பி, தேநீர், ஊக்கபானம் எல்லாம் மதியத்தோடு சரி. காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

போன் இரவில் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும். ‘அலாரத்துக்கு வேண்டும்’ என்பான், ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் போனும் அவன் அப்பாவின் போனும் அதே மேசைக்கு வரவேண்டும். அது நடக்காத வீட்டில் இந்த விதி ஒரு வாரம்கூடத் தாங்காது.

தூக்கம் சரியான பின்னும், அல்லது இப்போதே, இரண்டு வாரத்துக்கு மேல் வாட்டம் நீடித்தாலோ, ஆசையாகச் செய்தவற்றையெல்லாம் கைவிட்டாலோ, உணவு பாதியாகக் குறைந்தாலோ மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாவதைப் பற்றி ஒரு சொல் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. ‘செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பதில் ‘ஆம்’ என்றால் அவனைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

கடவுச்சொல்லைக் கேட்டிருந்தீர்கள். பார்க்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று அஞ்ச உண்மையான காரணம் இருந்தால் மட்டும் பாருங்கள், பார்த்ததை அன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள். மற்றபடி, உங்களுக்கு அது தெரியும் என்பதை இன்று மாலையே சொல்லி, மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.