அக்வா, பிரியஸில் கம்பனி செற் போலவே நவிகேஷன் பொருத்துவது: கேள்வி பதில்

இலங்கையில் ஓடும் ஜப்பான் ஹைபிரிட் கார்களில் பழைய செற்றை (டாஷ்போட்டில் உள்ள ரேடியோ, திரைப் பெட்டி) கழற்றிவிட்டு, தொழிற்சாலையிலேயே போட்டு வந்தது போலத் தெரியும்படி நவிகேஷன் செற் பொருத்துவது பற்றி வந்த கேள்விகள் இவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் பத்து வயது தாண்டிய கார்களைத்தான் பலரும் பராமரித்து ஓடுகிறார்கள். கேள்விகளும் பெரும்பாலும் அந்தக் கார்கள் பற்றியவை.

யாழ்ப்பாணம், அக்வா 2013: பஞ்சிகாவத்தையில் (கொழும்பில் பாவித்த உதிரிப்பாகம் விற்கும் இடம்) டொயோட்டா கம்பனி நவி (என்எஸ்இசட்டி-டபிள்யூ62ஜி) பாவித்தது ஒன்று கிடைக்கிறது. அதற்கு இலங்கை மப் ஏற்றலாமா அண்ணா?

ஏற்ற முடியாது தம்பி. அந்தச் செற்றுக்கு ஜப்பான் மப் மட்டுமே உண்டு. மப் இருக்கும் எஸ்டி காட் (சிறிய மெமரி காட்) கூட அந்தச் செற்றோடு சோடியாகவே ஓடும். காட்டில் உள்ள கோப்புகளை வேறு காட்டில் படியெடுத்துப் போட்டாலும் ஏற்காது. காட்டின் உள்ளே பதிந்திருக்கும் அடையாள எண்ணையும் செற் பார்க்கும். காட் இல்லாத செற் என்றால் காட்டைப் போடச் சொல்லும் ஜப்பான் எழுத்தோடு திரை நின்றுவிடும். விற்பவர் திரையை எரியவைத்துக் காட்டுவது போதாது. காட்டுடன் முழுதாகத் திறந்து, பாட்டு ஓடி, ரிவேர்ஸ் போட்டால் கமரா வருகிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

வழி காட்டவேண்டும் என்பதுதான் தேவை என்றால் ஆண்ட்ரொயிட் செற் போடுங்கள். கம்பனி செற் போன்ற தோற்றத்தைத் தருவது சரியான பிறேமும் வெட்டாத வயரிங்கும்தான். டொயோட்டா என்று எழுதிய செற்றே வேண்டும் என்றில்லை.

கண்டி, பிரியஸ் 30 (மூன்றாம் தலைமுறை): 7 அங்குலச் செற் வாங்கினேன். இரண்டு பக்கமும் இடைவெளி தெரிகிறது.

டொயோட்டா டாஷ்போட்டில் செற் நுழையும் வாய் 200 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம். நீங்கள் வாங்கியது 178 மி.மீ. அகலமுள்ள சாதாரண இரட்டை டின் (பொது அளவு) செற். மிச்சம் 22 மி.மீ.; பக்கத்துக்கு 11 மி.மீ. கறுப்பு ஸ்பேசர் இரண்டு சோடியாகக் கடையில் விற்பார்கள், போட்டால் மூடும். ஆனால் ஒட்டு தெரியும். வாங்கும்போதே 200 மி.மீ. அகலச் செற் என்று கேட்டு வாங்கினால் ஸ்பேசரே தேவையில்லை. 9 அங்குலம் என்றால் உங்கள் மொடலுக்கென்றே வார்த்த பிறேம் வேண்டும். அக்வா பிறேம் பிரியஸுக்குப் பொருந்தாது.

பழைய செற்றின் பக்கத்தில் உள்ள இரும்புத் தகடுகளை எறிந்துவிடாதீர்கள். புதுச் செற்றைக் காரோடு பிடிப்பவை அவைதான். தகட்டுக்குப் போடும் ஸ்குரூ எம்5, நீளம் 8 மி.மீ. அதைவிட நீளமானதைப் போட்டு முறுக்கினால் நுனி செற்றின் உள்ளே போர்டில் குத்தும்.

வவுனியா, அக்வா: ஹைபிரிட் காரில் கை வைத்தால் ஷொக் அடிக்குமா? பற்றறியைக் கழற்ற வேண்டுமா?

உயர் அழுத்த மின்சாரம் ஓடுவது செம்மஞ்சள் கேபிளில் மட்டும். அக்வாவின் ஹைபிரிட் பற்றறி 144 வோல்ட், பிரியஸ் 30இல் 201.6 வோல்ட். செற் இருக்கும் இடத்தில் அந்தக் கேபிள் வராது. எங்காவது செம்மஞ்சள் கண்ணில் பட்டால் தொடாமல் விடுங்கள். செற்றுக்கு வருவது 12 வோல்ட் மட்டுமே.

ஆனாலும் 12 வோல்ட் பற்றறியின் மறை முனையைக் கழற்றியே வேலை செய்யவேண்டும், எயார்பாக் வயர்கள் பக்கத்தில் ஓடுவதால். ஒழுங்கு இதுதான்: பவர் பட்டனை ஓஃப் செய்து, சாவியைக் காருக்கு எட்டத்தில் வையுங்கள். 10 மி.மீ. ஸ்பனரால் மறை முனையைக் கழற்றுங்கள். பிறகு குறைந்தது 90 விநாடி காத்திருங்கள். எயார்பாக் கருவிக்குள் சேர்ந்திருக்கும் மின் இறங்க அந்த நேரம் வேண்டும். மஞ்சள் நிறக் கனெக்டர் எதையும் கழற்றவோ மீற்றர் வைக்கவோ கூடாது.

அக்வாவில் 12 வோல்ட் பற்றறி பின் சீற்றுக்குக் கீழே. பிரியஸ் 30இல் டிக்கியின் வலது மூலையில், அந்த டிக்கியோ மின்சாரத்தில் திறப்பது. மறை முனையைக் கழற்றிய பின் டிக்கியை மூடிவிட்டால் வெளியிலிருந்து திறக்காது. வேலை முடியும்வரை திறந்தே வைத்திருங்கள்.

மட்டக்களப்பு, அக்வா: வயரை வெட்டி முறுக்கித்தான் போடவேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார். வேறு வழி இல்லையா?

இருக்கிறது. டொயோட்டாவுக்கு 10 ஊசி, 6 ஊசி அடப்டர் ஹானஸ் (பிளக்கோடு வரும் வயர்க் கட்டு) தனியாக விற்கிறது, விலையும் பெரிதில்லை. காரின் பிளக் அப்படியே இருக்கும். நாளைக்குப் பழைய செற்றைத் திருப்பிப் போடலாம். வெட்டி முறுக்கி ரேப் சுற்றிய வேலை, டாஷ்போட் சூட்டில் பசை உருகி ஒரு நாள் ஷோட் ஆகும். வெட்டத்தான் வேண்டும் என்று நிற்கும் கடையை விட்டுவிடுங்கள்.

கார் பக்க நிறங்கள் வழக்கமாக இப்படி. 10 ஊசிப் பிளக்கில் நீலம்-மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சாம்பல் ஏசிசி (காரை ஓஃப் செய்தால் நிற்கும் மின்), பச்சை லைட், மண்ணிறம் ஏர்த். முன் வலது ஸ்பீக்கர் இளம்பச்சையும் நீலமும், முன் இடது இளஞ்சிவப்பும் ஊதாவும். 6 ஊசியில் பின் வலது சிவப்பும் வெள்ளையும், பின் இடது கறுப்பும் மஞ்சளும். செற் பக்க ஹானஸில் மஞ்சள்தான் நிரந்தர மின், சிவப்பு ஏசிசி, கறுப்பு ஏர்த். இங்கேதான் பலர் சிக்குகிறார்கள்: காரின் கறுப்பு வயர் ஏர்த் அல்ல, ஸ்பீக்கர் வயர். அதை ஏர்த் என்று இணைத்தால் செற்றின் அம்பிளிஃபயர் போய்விடும். ஸ்பீக்கரின் மறை வயரையும் காரின் இரும்பு உடலில் பிடிக்கக் கூடாது. நிறத்தை நம்பி இணைக்காமல் ஒவ்வொன்றையும் மல்டிமீற்றரால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஒவ்வொரு முறை கார் நிறுத்தும்போதும் நேரமும் செற்றிங்கும் அழிந்தால் நிரந்தர மின்னும் ஏசிசியும் மாறியிருக்கின்றன. காரை ஓஃப் செய்தும் திரை அணையவில்லை என்றால் இரண்டுமே நிரந்தர மின்னில் இருக்கின்றன.

திருகோணமலை, பிரியஸ் 30: பழைய ரிவேர்ஸ் கமராவைப் புது ஆண்ட்ரொயிட் செற்றுக்குக் கொடுத்தேன். இரண்டு கிழமையில் படம் போய்விட்டது.

டொயோட்டா கம்பனி கமரா 6 வோல்ட்டில் ஓடுவது. நீங்கள் ரிவேர்ஸ் லைட்டிலிருந்து 12 வோல்ட் கொடுத்திருப்பீர்கள். சில கமரா உடனே போகும், சில சூடாகி மெல்ல மெல்லப் போகும். அடுத்த கமராவுக்கு 12 வோல்ட்டை 6 ஆக இறக்கும் சிறிய கொன்வேட்டர் ஒன்றை இடையில் போடுங்கள், இணைக்குமுன் அதன் வெளியீட்டை மீற்றரால் அளந்து பாருங்கள். கமராவிலிருந்து நான்கு வயர் வரும்: மின், அதன் ஏர்த், படம், படத்தின் ஏர்த். கடைசியை விட்டுவிட்டால் படத்தில் கோடுகள் ஓடும்.

கொழும்பு, அக்வா: ஸ்டியரிங் பட்டன் ஒன்றும் வேலை செய்யவில்லை.

டொயோட்டாவில் இதற்கு மூன்று வயர்: எஸ்டபிள்யூ1, எஸ்டபிள்யூ2, எஸ்டபிள்யூஜி. முதல் இரண்டும் செற்றின் கீ1, கீ2க்கு, மூன்றாவது ஏர்த். ஒவ்வொரு பட்டனும் ஒவ்வொரு மின்தடையாகத்தான் செற்றுக்குத் தெரியும். கனெக்டரைக் கழற்றி எஸ்டபிள்யூ1க்கும் எஸ்டபிள்யூஜிக்கும் இடையில் ஓம் மீற்றர் வைத்து அமத்துங்கள்: அடுத்த பாட்டு பட்டன் கிட்டத்தட்ட 0, முந்திய பாட்டு 330, சத்தம் கூட்ட 1,000, குறைக்க 3,100 ஓம் அளவில் காட்டவேண்டும். காட்டினால் பட்டன் நல்லது. செற்றிங்கில் போய் ஒவ்வொரு பட்டனாகப் பதிவுசெய்யுங்கள். ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஸ்டியரிங்குக்குள் இருக்கும் சுருள் கேபிளில் பிழை இருக்கலாம். அதைத் திறப்பது எயார்பாக்கைக் கழற்றும் வேலை. அதைப் பழகியவரிடம் கொடுங்கள்.

குருநாகல், ஃபிட் ஹைபிரிட்: ஜிபிஎஸ் பிடிக்கப் பத்து நிமிடம் எடுக்கிறது.

அன்ரெனாவைச் செற்றின் பின்னால் சுருட்டி வைத்திருப்பார்கள். டாஷ்போட்டின் மேல் பிளாஸ்டிக்குக்குக் கீழே, தட்டையாக, முகம் மேலே பார்க்க ஒட்டுங்கள். பிளாஸ்டிக் தடுக்காது, இரும்பு தடுக்கும். டாஷ் கமராவும் மலிவு யூஎஸ்பி சார்ஜரும் பக்கத்தில் இருந்தால் அவற்றின் இரைச்சலே ஜிபிஎஸ்ஸை மூடிவிடும். அவற்றைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். மன்னார், முல்லைத்தீவுப் பக்கம் டேட்டா விட்டுவிட்டு வரும் இடங்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மப் (எவரும் இலவசமாகப் பாவிக்கும் மப்) தரவில் ஓடும் செயலி ஒன்றை முன்பே இறக்கி வையுங்கள்.

நீர்கொழும்பு, பிரியஸ்: பழைய ஜப்பான் நவியில் திகதி இருபது ஆண்டுக்குக் கிட்டப் பின்னால் காட்டுகிறது. செற் பழுதா?

பழுதில்லை. ஜிபிஎஸ் செய்மதி கிழமைகளை 1,024 வரை எண்ணிவிட்டுப் பூச்சியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரல் 6இல் அப்படித் திரும்பியபோது, அதற்கு ஆயத்தமில்லாத பழைய செற்றுகள் ஏறத்தாழ 19.6 ஆண்டு பின்னால் போயின. கையால் நேரம் வைக்க இடமிருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் அப்படியே இருக்கும். பாட்டுக்கும் கமராவுக்கும் பாதிப்பில்லை.

வவுனியா: ஜப்பான் செற்றில் எஃப்எம் 90க்கு மேல் போகாது. என்ன செய்வது?

பழைய ஜப்பான் செற்றின் பட்டை 76இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ். அன்ரெனா வயரின் இடையில் பாண்ட் எக்ஸ்பாண்டர் (நிலையங்களின் அலைவரிசையை இறக்கித் தரும் சிறு கருவி) போடலாம். 20 மெகாஹேர்ட்ஸ் இறக்குவது என்றால் 98.0 நிலையம் 78.0இல் வரும், கேட்கக்கூடியது 96க்கு மேல் உள்ளவை மட்டும். உங்களுக்கு வேண்டிய நிலையங்களைக் குறித்துக்கொண்டு அதற்கேற்ற அளவு இறக்கும் எக்ஸ்பாண்டரை வாங்குங்கள். ஆண்ட்ரொயிட் செற்றில் இந்தப் பிரச்சினை இல்லை. ரேடியோ செற்றிங்கில் நாட்டை மட்டும் மாற்றினால் போதும்.

யாழ்ப்பாணம், அக்வா: செற் போட்ட பிறகு ஒரு கிழமை நிறுத்தினால் கார் ரெடி (ஓடத் தயார் என்று விளக்கு வரும் நிலை) ஆகவில்லை. ஹைபிரிட் பற்றறி போய்விட்டதா?

அவசரப்பட்டு ஹைபிரிட் பற்றறி மாற்றிவிடாதீர்கள். காரை எழுப்புவது 12 வோல்ட் பற்றறி. அது இறங்கினால் ஹைபிரிட் பற்றறி நிறைந்திருந்தாலும் ரெடி வராது. அதைச் சார்ஜ் செய்யும் கொன்வேட்டர் ரெடி நிலையில் மட்டுமே ஓடும். பிறேக்கை மிதிக்காமல் பட்டனை அமத்தி ஏசிசியில் உட்கார்ந்து மப் இறக்குவது, படம் பார்ப்பது எல்லாம் இந்தச் சிறிய பற்றறியைக் குடித்துவிடும். செற்றிங் வேலை எல்லாவற்றையும் ரெடியில், திறந்த வெளியில் செய்யுங்கள். இஞ்சின் தானாக எழும்பும் என்பதால் மூடிய கராஜுக்குள் வேண்டாம்.

நிறுத்திய காரில் ஒழுகும் மின்னை அளக்க: மறை முனைக்கும் கேபிளுக்கும் இடையில் மீற்றரை 10 ஆம்பியர் அளவில் தொடராக வைத்து, கதவு பூட்டி, அரை மணித்தியாலம் விடுங்கள். கணினிகள் தூங்கிய பிறகு 50 மில்லிஆம்பியருக்குக் கீழே நிற்கவேண்டும். மீற்றர் இருக்கும்போது பவர் பட்டனைத் தொட்டால் மீற்றரின் ஃபியூஸ் போகும். கூடுதலாகக் காட்டினால் செற்றின் ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள். இறங்கினால் குற்றம் செற்றில். பெரும்பாலும் வேகமாக எழும்புவதற்காக அது தூங்காமல் காத்திருக்கும் செற்றிங்தான் காரணம். 200 மில்லிஆம்பியர் ஒழுகினால் ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர்-மணி, ஒரு கிழமையில் அந்தப் பற்றறி காலி. அந்தச் செற்றிங்கில் முழு ஓஃப் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். திரை எழும்ப அரை நிமிடம் பிந்தும், ஆனால் கார் எழும்பும்.

காலி, பிரியஸ் 20 (2005): இதற்கும் 9 அங்குலம் போடலாமா?

போடாதீர்கள். 2003இல் வந்த அந்த மொடலில் நடுத் திரை வெறும் ரேடியோ திரை அல்ல. ஏசி, சக்தி ஓட்டம், எரிபொருள் கணக்கு, எச்சரிக்கை எல்லாம் அதில்தான் வரும். கழற்றினால் அவையெல்லாம் போய்விடும். பிரியஸ் 30, அக்வாவில் இந்தக் கவலை இல்லை. சக்தி ஓட்டம் மீற்றர் பகுதியிலேயே தெரியும். உங்கள் காரில் திரையை அப்படியே விட்டு, ஏசி வாய்க்குப் பக்கத்தில் நல்ல ஃபோன் ஹோல்டர் ஒன்றும், ரெடியில் மட்டும் ஓடும் சார்ஜர் வயர் ஒன்றும் போடுங்கள்.