சுவரில் 'ராவுஸ்' என்று எழுதியிருந்தால்

தம்பி, பெர்லின் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, வீட்டுப் பக்கத்துச் சுவரில் சிவப்பாக 'ராவுஸ்' என்று எழுதியிருக்கிறது, 'வெளியே போ' என்று அர்த்தமாமே, நம்மைத்தான் சொல்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். அம்மாபேட்டையில் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நான் இப்போது விடுமுறைக்குச் சேலம் வந்து செவ்வாய்ப்பேட்டை வீட்டில் இருக்கிறேன். பதினாறு வருடம் முன்னால் எனக்கும் இதே பயம் வந்தது.

முதலில், 'ராவுஸ்'க்கு முன்னால் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். 'ஆவுஸ்லெண்டர் ராவுஸ்' என்றால் வெளிநாட்டவரே வெளியேறு. 'நாட்சிஸ் ராவுஸ்' என்றால் நாஜிகளே வெளியேறு. பெர்லினில் நான் இருக்கும் நொய்கோல்ன் பக்கம் இரண்டாவதுதான் அதிகம் கண்ணில் படும்.

நம் ஊரில் தேர்தலுக்கு முன்பே கட்சிக்காரர்கள் சுவர் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, கட்சிப் பெயரைப் போட்டு வைத்துவிடுவார்கள். இதோ எங்கள் எதிர்ச் சுவரில்கூட ஒரு பழைய சின்னம் சுண்ணாம்புக்கு அடியில் மங்கலாகத் தெரிகிறது. யார் எழுதியது என்று கேட்கவே வேண்டாம். அங்கே எழுதுகிறவன் பெயர் போடமாட்டான். ராத்திரியில் ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போவான், அப்புறம் வேறொருவர் அதன்மேலேயே பதில் எழுதுவார். என் முதல் குளிர்காலத்தில், பாதாள ரயில் நிலையப் படிக்கட்டில் கறுப்பு மார்க்கரில் 'ஆவுஸ்லெண்டர் ராவுஸ்' என்று இருந்தது. அன்று வேலையே ஓடவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் முதல் சொல்லை மட்டும் பச்சையில் அடித்துவிட்டு, மேலே 'நாட்சிஸ்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். 'ராவுஸ்' அப்படியே இருந்தது. அந்தப் படியிலேயே நின்று அழுதுவிட்டேன்.

எண்களும் வரும். எட்டாவது எழுத்து ஹெச், அதனால் 88 என்றால் ஹெச்-ஹெச், 'ஹைல் ஹிட்லர்' என்று ஹிட்லருக்கு வாழ்த்து. 161 என்றால் ஏ-எஃப்-ஏ, அது நாஜிகளை எதிர்க்கும் தரப்பின் குறி.

நீங்களே பேனா எடுத்துத் திருத்தப் போகாதீர்கள். சுவருக்குச் சேதமே இல்லாவிட்டாலும் அனுமதியில்லாமல் அதன் தோற்றத்தை மாற்றினால் குற்றம் என்று 2005-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பெர்லினில் இர்மேலா மென்சா-ஷ்ராம் என்ற அம்மா, 1986-லிருந்து நாஜி ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுக்கிறார், எழுத்துகளை அழிக்கிறார். அப்போது ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக இருந்த மெர்க்கலுக்கு எதிரான 'மெர்க்கல் போக வேண்டும்' என்ற வாசகத்தில் சில எழுத்துகளை மாற்றி 'கவனி! வெறுப்பே போ' என்று ஆக்கியதற்காக அவரும் 2016-ல் நீதிமன்றத்தில் நிற்க வேண்டி வந்தது. அவர்மேல் எனக்குள்ள மரியாதை சொல்லி முடியாது. ஆனால் விசாவில் இருக்கும் நமக்கு அது சரிவராது. படம் எடுத்து வீட்டு நிர்வாகத்திடம் கொடுங்கள். நாஜிச் சின்னமாக இருந்தால் போலீசிடமும் சொல்லுங்கள், அதைப் பொது இடத்தில் வரைவதே அங்கே குற்றம்.

அதோடு இன்னொன்று. இங்கே கடை வாசலிலும் புது வண்டியிலும் ஸ்வஸ்திக் போடுவோம். அங்கே பூஜை அலமாரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் மனதில் இருப்பது தெருவில் போகிறவருக்குத் தெரியாது. அந்தச் சின்னத்தால் குடும்பத்தையே இழந்தவர்கள் அதே தெருவில் இருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் முன்சொல் வெட்டுப்பட்டு, கடைசி எழுத்து மட்டும் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், எஸ் மாதிரிதான் இருக்கிறது. நாளைக்கு வெளிச்சத்தில் முழுச் சுவரையும் எடுத்து அனுப்புங்கள்.